பூஜைக்கு வைக்காத கம்ப்யூட்டர்

இந்த எடத்துக்கு ஆள் வருதுங்களா? இல்லைன்னா சித்த நகருங்க தம்பி, உக்காந்துக்கறேன். ஜன்னலோரம் நீங்களே இருங்க, எனக்குக் காத்து வேண்டியதில்லை. பவானி லட்சுமி நகர் ஸ்டாப் வந்தா மட்டும் ஒரு குரல் குடுத்துருங்க, அது போதும். சங்ககிரியில இருந்து பவானிக்கு ஆயிரம் தடவை போயிருப்பேன். எல்லாம் லாரியிலயும் கார்லயும். பஸ்ஸுல உக்காந்தா எனக்குத் திசையே தெரியாது.

கார் இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. ரெண்டு நிக்குது. டிரைவர்தான் இல்லை. நேத்து சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், சாவியை மேஜை மேல வெச்சுட்டுப் போயிட்டான். நானே ஓட்டலாம்னா கண்ணுல ஆபரேஷன் பண்ணி இன்னும் ஒரு மாசம் ஆகலை. வண்டி ஓட்டக் கூடாது, கோவப்படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வண்டி ஓட்டறதை நிறுத்திட்டேன்.

பவானியில ஒரு வீட்டுக்குப் போகணும். பத்தரைக்கு ராகுகாலம் புடிக்குது, அதுக்குள்ள போயாகணும். இப்ப ஒம்பதேகால்தானே, தாராளமா நேரம் இருக்கு.

மடியில இருக்கறது லேப்டாப் பைதானுங்களே? கம்ப்யூட்டர் வேலையா? நல்லதாப் போச்சு போங்க. நடந்ததைச் சொல்றேன், நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. ஆனா முழுசாக் கேட்டுட்டுத்தான் சொல்லணும். நடுவுல யாராச்சும் பேசினா எனக்குக் கோர்வை விட்டுப் போயிரும்.

என் பேர் சென்னியப்பன். கிளீனரா லாரி ஏறினவன். இன்னைக்கு முப்பத்திரெண்டு வண்டி ஓடுது. எப்படி வந்துச்சு? வாயாலதான். நான் படிச்சது அஞ்சாவது. ஆனா எதிர்ல உக்காந்திருக்கறவன் எந்த விலைக்கு எறங்குவான்னு அவன் டீயை எடுத்து ஊதறதுலயே சொல்லிருவேன். பேரம்ங்கறது என்னன்னு நினைக்கறீங்க? எதிராளியைப் பேச விடக்கூடாது. அவ்வளவுதான். பேச விட்டா அவன் நியாயத்தைச் சொல்லிருவான். அப்புறம் எங்கிருந்து பேரம் பேசறது?

ஆபீஸ்லயும் அதே சட்டம்தான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். 'இல்லீங்க, அது வந்துங்க'ன்னு இழுக்கப்படாது. அந்தச் சட்டத்தைப் பதினோரு வருஷமா ஒழுங்காக் கடைப்பிடிச்சது ஒரே ஒரு ஆள்தான். கோகிலவாணின்னு ஒரு புள்ளை. பவானிக்காரப் புள்ளை. எந்த வண்டி எங்க நிக்குது, எந்த டிரைவருக்கு லைசென்ஸ் முடியுது, எந்தக் கம்பெனிக்கு என்ன லோடு, எல்லாத்தையும் ஒரு பொட்டிக்குள்ள போட்டு வெச்சிருக்குது. சர்வர்னு பேரு. உங்களுக்குத் தெரியாததா? கொரோனா சமயத்துல, வீட்டுல உக்காந்துக்கிட்டே அந்தப் பொட்டியைத் தொறந்து பாக்கற மாதிரி எனக்குச் செஞ்சு குடுத்தது அந்தப் புள்ளைதான். என் லேப்டாப்புல ஒரு பொத்தானை அமுக்கினா ஆபீஸே வந்து நிக்கும். கெட்டிக்காரப் புள்ளை, அதுல ரெண்டு பேச்சு இல்லை. நேர்ல மட்டும் சொன்னதில்லை. சொன்னா சம்பளம் கேக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வடக்கத்தி மருந்துக் கம்பெனி ஒண்ணு. வருஷம் முழுக்க லோடு. டெண்டர் மாதிரி விலை கேட்டிருந்தான். புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்னு கண்டிஷன். புதன்கிழமை என்னன்னு நினைக்கறீங்க? ஆயுத பூஜை. அவனுக்கு அன்னைக்கு லீவு இல்லையாம், மறுநாள்தானாம். கிடைச்சா பன்னெண்டு வண்டிக்கு வேலை. கிடைக்கலைன்னா அந்தப் பன்னெண்டும் சங்ககிரி ரோட்டோரமா நின்னு டயர் காய வேண்டியதுதான். நான் எப்பவுமே விலையைக் கடைசி அரை மணி நேரத்துலதான் சொல்லுவேன். முன்னாடியே சொன்னா வெளியில கசிஞ்சுரும். அதனால எல்லாம் தயார் பண்ணி சர்வர்ல வை, புதன்கிழமை நானே என் கையால அனுப்பிக்கறேன்னு சொல்லிட்டேன்.

பூஜை விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு. மூணு வருஷத்துக்கு முன்னாடி பூஜையில வெச்ச லாரியை, அவசர லோடுன்னு நானே எடுக்கச் சொல்லி, தொப்பூர்ல போய்ப் படுத்துருச்சு. ஆளுக்கு ஒண்ணுமாகலை, சாமி புண்ணியம். அதுல இருந்து சட்டம் போட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூஜை. ஆபீஸ்ல இருக்கற ஸ்பேனர்ல இருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் எல்லாத்தையும் பூஜையில வைக்கணும். சந்தனம், குங்குமம், பொரி, சுண்டல், எல்லாம் முறைப்படி. வெச்சதை விஜயதசமி காலையில தீபாராதனை காட்டித்தான் எடுக்கணும். நடுவுல யாரும் தொடப்படாது. என் லேப்டாப்பைக்கூட வெச்சுட்டேனுங்க, பாத்துக்குங்க. எனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமெல்லாம் கிடையாது. போனை வெச்சீங்களான்னு கேக்காதீங்க. போன் ஆயுதத்துல சேராது. அது வாய் மாதிரி.

வாச்மேன் ஆறுச்சாமியைக் கூப்பிட்டு, கற்பூரத்து மேல சத்தியம் வாங்கினேன். நாளன்னைக்குக் காலையில வரைக்கும் கதவைத் தொறக்காதே, எவன் வந்து கேட்டாலும் தொறக்காதே, நானே போன் பண்ணிக் கேட்டாலும் தொறக்காதே. ஏன் அப்படிச் சொன்னேன்? என்னைப் பத்தி எனக்குத் தெரியுமுங்களே. தொப்பூர்ல படுத்த வண்டியை எடுக்கச் சொன்னவன் நான்தானே.

அப்புறம், காரும் பூஜையிலங்கறதால, ராத்திரியே பஸ் ஏறி ஓசூர்ல பொண்ணு வீட்டுக்குப் போயிட்டேன். புதன்கிழமை மத்தியானம் விருந்து முடிஞ்சு ரெண்டு மணிக்கு, சரி விலையை அனுப்பிரலாம்னு பாத்தா லேப்டாப் இல்லை. அது சங்ககிரியில பொட்டு வெச்சு உக்காந்திருக்குது. மாப்பிள்ளை நவநீதனைக் கேட்டேன். அவரு லேப்டாப்பும் பூஜையறையில இருக்குதுங்க மாமா, உங்க பொண்ணு மாலை போட்டிருக்குதுன்னாரு. வீட்டுல இருந்த கத்தி, கரண்டி, தையல் மெஷின், மிக்ஸி, எல்லாமே பூஜையில. போன்லயே பண்ணலாமுங்க மாமான்னு சொன்னாரு. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு உள்ளங்கை அகலத்துல நான் விலை போடறதா? ஒரு சைபர் கூடிப்போனா?

அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. கல்யாணத்துல சீரோட சீரா ஒரு கம்ப்யூட்டர் குடுத்தேனுங்க. ஒம்பது வருஷமாச்சு. குடுக்கறப்பவே பழசுதான். பதினாலாயிரம் சொன்னான், பேசிப் பேசி எட்டாயிரத்துக்கு முடிச்சு, மேல ஒரு சுவர்க் கடிகாரமும் வாங்கிட்டுத்தான் எறங்கினேன். அது எங்கன்னு கேட்டா மாப்பிள்ளை பொண்ணு மூஞ்சியைப் பாக்கறாரு, பொண்ணு பரணைப் பாக்குது. வீட்டுல பூஜைக்கு வைக்காத ஒரே சாமான் அதுதான். அதை யாரும் ஆயுதம்னே நினைக்கலை.

ஏணி போட்டு எறக்கினோம். பட்டனை அமுக்கினா முக்கி முனகி அஞ்சு நிமிஷத்துல வந்துருச்சு. பாத்தீங்களா, என் சாமான்னு சொன்னேன். வயர் எட்டலை. அது காத்துல நெட்டு வாங்காதாம், கம்பிதான் வேணுமாம். மாப்பிள்ளை மூணு வயரை முடிச்சுப் போட்டு இழுத்தாரு. சர்வர்ல போய் நுழையலாம்னா திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனா சிவப்புல எழுதினா திட்டறான்னு தெரியும்.

கோகிலவாணிக்குப் போனைப் போட்டேன். "சார், சர்வர் வந்து"ன்னு ஆரம்பிச்சுது. சர்வரைப் பத்தி நான் கேட்டனா, இங்க இருக்கற கம்ப்யூட்டர் ஏன் நுழையலைன்னுதானே கேட்டேன், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னேன். அப்புறம் கீழே மூலையில தேதி என்ன காட்டுதுன்னு கேட்டுது. மாப்பிள்ளை பாத்தாரு. ரெண்டாயிரத்து ரெண்டு, ஜனவரி ஒண்ணு. உள்ள ஒரு ரூபாய் காசாட்டம் ஒரு பேட்டரி இருக்குமாம், அது செத்துப்போனா கம்ப்யூட்டருக்குத் தேதி மறந்துருமாம். தேதி தப்பா இருந்தா எதிர்ப்பக்கம் நம்மளை நம்பாதாம். அது நியாயம்தானுங்க, தேதி தெரியாதவனை நானே நம்ப மாட்டேன். கூட வாங்கின சுவர்க் கடிகாரம் அங்கதான் ஹால்ல தொங்குது, இன்னைக்கு வரைக்கும் ஒரு நிமிஷம் பிசகலை. பொட்டிக்குள்ள இருந்த கடிகாரம்தான் நின்னுருச்சு.

தேதியை மாத்தினோம். இன்னொரு சிவப்பு. இந்தக் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு, புதுசா வர்ற சாப்ட்வேர் இதுல ஏறாதுங்கறான். மறுபடியும் போன். "சார், அந்தக் கொட்டேஷன் விஷயமா ஒண்ணு"ன்னு வாயைத் தொறந்துச்சு. கொட்டேஷனை நான் பாத்துக்கறேன், நீ சாப்ட்வேரைச் சொல்லுன்னேன். பழைய கம்ப்யூட்டருக்கு ஏத்த பழைய சாப்ட்வேர் ஒண்ணை எங்கிருந்தோ தேடி அனுப்புச்சு. அது எறங்கறதுக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தை வீணாக்குவானேன்னு, கம்ப்யூட்டர் வித்தவன் நம்பரைத் தேடிப் புடிச்சு ஒரு புடி புடிச்சேன். ஒம்பது வருஷம் கழிச்சுக் கூப்பிட்டாலும் ஆளை ஞாபகம் வெச்சிருந்தான். எட்டாயிரத்துக்கு வாங்கினது எட்டாயிரத்துக்குத்தானுங்க ஓடும்னு சொல்லிட்டு வெச்சுட்டான். நடுவுல என் போனுக்கு என்னமோ மெசேஜ் வந்துச்சு. கோகிலவாணிகிட்ட இருந்துங்க மாமான்னாரு மாப்பிள்ளை. மெசேஜ் படிக்கற நேரமா இது, வயரைப் பாருங்கன்னேன்.

மணி நாலேகால். சாப்ட்வேர் ஏறிருச்சு. நம்பர் போட்டாச்சு, என் சங்கேத வார்த்தை போட்டாச்சு. இப்ப சிவப்பு இல்லை, மஞ்சள். 'நீங்க தேடற கம்ப்யூட்டர் இணைப்புல இல்லை'ன்னு போட்டிருக்குதுங்க மாமான்னாரு. மூணு தடவை. அணைச்சுப் போட்டோம், வயரைப் புடுங்கிச் சொருகினோம், அந்தப் பொட்டி தலையில ரெண்டு தட்டும் தட்டினேன்.

என்னங்க தம்பி? என்னமோ சொல்ல வர்றீங்க. சர்வர் ஆன்ல இருந்துச்சான்னா? அட, இருங்க. நான்தான் கடைசியில சொல்லுங்கன்னு சொன்னனே. எல்லாரும் எனக்கு முன்னாடியே முடிவுக்கு ஓடறாங்க.

நாலரைக்கு மறுபடியும் கூப்பிட்டேன். இந்தக் கம்ப்யூட்டரோட கோளாறு என்னன்னு ஒரே வார்த்தையில சொல்லுன்னேன். கோளாறு ஒண்ணும் இல்லீங்க சார்னுச்சு. இல்லாம எப்படி நுழையாம இருக்கும்? நீயே சொல்லு, சர்வர் எங்க இருக்குதுன்னு கேட்டேன். கேட்டேனுங்களா, அப்பத்தான் பதில் சொல்லுச்சு.

"பூஜையில இருக்குதுங்க சார். அணைச்சு, பொட்டு வெச்சு, எலுமிச்சம்பழம் வெச்சிருக்குது. எல்லாத்தையும் வைக்கணும்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க."

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க பாப்போம். எல்லாத்தையும்னா எல்லாத்தையுமா? ஆத்திரத்தை அடக்கிக்கிட்டு ஆறுச்சாமிக்குப் போன் போட்டேன். நான்தாண்டா சென்னியப்பன், ஆபீஸைத் தொறந்து அந்தப் பொட்டியைப் போடுன்னேன்.

"தெரியுதுங்க. உங்க குரல் தெரியாதுங்களா? அதனாலதானுங்க தொறக்கலை."

சாமி வந்து கேட்டாக்கூடத் தொறப்பேன், நீங்க கேட்டாத் தொறக்க மாட்டேனுங்க, கற்பூரத்துல அடிச்சிருக்கறேனுங்கறான். இருபது வருஷமா என் சோத்தைத் திங்கறவன். சம்பளத்தை உசத்தறேன்னேன். மசியலை. உன் மகனுக்கு வேலை போட்டுத் தர்றேன்னேன். மசியலை. அவனுக்கு நேர்மையா இருன்னு சொல்லிக் குடுத்தது நானு, அதை என்கிட்டயே காட்டறான். என் ஆயுசுல எனக்குப் படியாத பேரம் அது ஒண்ணுதான்.

மணி நாலு அம்பது. மறுபடியும் கோகிலவாணி. இத்தனையும் தெரிஞ்சுக்கிட்டே ரெண்டரை மணி நேரமா என்னை அந்தப் பழைய பொட்டியோட மாரடிக்க விட்டியான்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன், பஸ்ஸுல சொல்ற மாதிரி இல்லை. எல்லாத்தையும் கேட்டுட்டு, ரொம்ப மெதுவாச் சொல்லுச்சு.

"பதினோரு வருஷமா நீங்க கேட்டதுக்கு மட்டும்தானுங்க சார் பதில் சொல்லியிருக்கேன். இன்னைக்கு ஒரே ஒரு தடவை, கேக்காத ஒண்ணைச் சொல்லட்டுங்களா?"

சொல்லாதேன்னேன். நாளையில இருந்து வேலைக்கு வராதே. எனக்குப் போன் பண்ணாதே. நான் பண்ணாலும் எடுக்காதே. வெச்சுட்டேன். அந்தச் சுவர்க் கடிகாரம் அஞ்சு அடிச்சுது. ஒவ்வொரு அடியும் ரெண்டு வண்டி, ரெண்டு வண்டின்னு என் மண்டையில விழுந்துச்சு. மாப்பிள்ளை தண்ணி கொண்டுவந்து குடுத்தாரு. உங்களாலதான் எல்லாம், பரண்ல போட்டதுல பேட்டரி செத்துருச்சுன்னு அவரையும் நாலு வார்த்தை சொல்லிட்டு, பஸ் ஏறி வந்துட்டேன்.

மறுநாள் விஜயதசமி. தீபாராதனை காட்டி எல்லாத்தையும் எடுத்தாச்சு. பதினோரு மணிக்கு அந்த மருந்துக் கம்பெனிக்காரன் கூப்பிடறான். லீவு நாள்ல எதுக்குக் கூப்பிடறான், கடைசி நேரம் வரைக்கும் அனுப்பலைன்னு திட்டத்தான்னு நினைச்சு நானே முந்திக்கிட்டு நாலு கேள்வி கேட்டேன். அவன் பொறுமையாக் கேட்டுட்டு, உங்க கொட்டேஷன் செவ்வாய்க்கிழமை மத்தியானமே வந்துருச்சு, விலை சரியா இருக்குது, உங்களுக்குத்தான் தர்றோம், திங்கக்கிழமையில இருந்து வண்டி விடுங்கன்னான்.

செவ்வாய்க்கிழமை. பூஜைக்கு முன்னாடி. சர்வரை அணைச்சா புதன்கிழமை என்னால அனுப்ப முடியாதுன்னு அந்தப் புள்ளைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. விலையையும் அதுவே கணக்குப் போட்டு, காயிதத்தை என் முன்னாடி நீட்டிக் கையெழுத்து வாங்கித்தான் அனுப்பியிருக்குது. கையெழுத்து என்னுதுதான், பாத்தேன். ஒரு நாளைக்கு நூறு காயிதம் நீட்டினா படிச்சுப் பாத்தா போட முடியும்? அந்த மெசேஜையும் அப்பத்தான் ஆபீஸ் பையனை விட்டுப் படிக்கச் சொன்னேன். 'சார், கொட்டேஷன் நேற்றே அனுப்பிவிட்டேன், கவலைப்பட வேண்டாம்.' மூணு மணி ரெண்டு நிமிஷத்துக்கு வந்திருக்குது.

இப்ப நீங்க சொல்லுங்க. இதை வாயால சொல்றதுக்கென்ன?

அதோட விட்டுதா? சர்வரைப் போட்டா, என்னுது பத்தாதாம், அதுக்குன்னு தனியா ஒரு சங்கேத வார்த்தை கேக்குது. முப்பத்திரெண்டு வண்டியோட ஜாதகமும் அதுக்குள்ள. ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் தெரியலை. உங்களைத் தவிர யாருகிட்டயும் சொல்லப்படாதுன்னு நீங்கதானுங்க சட்டம் போட்டீங்கன்னு எல்லாரும் ஒரே குரல்ல பாடறாங்க. என்கிட்டச் சொல்லுச்சான்னா, சொல்லியிருக்குது. தைப்பொங்கலுக்கு ஒரு கவருக்குள்ள எழுதிப் போட்டு, பத்திரமா வெச்சுக்குங்க சார்னு குடுத்துச்சு. பத்திரமாத்தான் வெச்சேன், சட்டைப் பையில. அடுத்த முகூர்த்தத்துல திருச்செங்கோட்டுல ஒரு கல்யாணம். ரெண்டு கவர் இருந்துச்சு. மொய்க் கவர் வீட்டுக்கு வந்துருச்சு. அந்தக் கல்யாண வீட்டுக்காரர் ஒம்பது மாசமா எங்கூடப் பேசறதில்லை. ஏன்னு நேத்துத்தான் புரிஞ்சுது.

போன் பண்ணேன். இருபத்தேழு தடவை. எடுக்க மாட்டேங்குது. எடுக்காதேன்னு சொன்னா எடுக்காமயா இருக்கறது?

காவேரியில தண்ணி நெறைய்யப் போகுதுங்க, பாருங்க. இந்த வருஷம் மழை பரவாயில்லை.

இன்னைக்குக் காலையில சேதி வருது. பவானியிலயே எங்க லைன்ல இன்னொருத்தன் இருக்கான், அவன் அந்தப் புள்ளையைக் கூப்பிட்டு, இன்னைக்கு ராகுகாலத்துக்கு முன்னாடி வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுன்னு சொல்லிட்டானாம். அது வாக்குக் குடுத்தா மாறாத புள்ளை. கையெழுத்துப் போட்டுட்டா அவ்வளவுதான், திங்கக்கிழமை என் வண்டி எங்க நிக்குதுன்னு அவனைத்தான் நான் கேக்கணும்.

அதான் கிளம்பிட்டேன். இந்தப் பையில என்ன தெரியுங்களா? பூஜைப் பொரி, சுண்டல், ஒரு சேலை. ஆபீஸ்ல எல்லாருக்கும் உண்டானதுதான், அதோட பங்கு எடுக்காம இருந்துச்சு. போன உடனே பிரசாதம் குடுக்க வந்தேன்னு ஆரம்பிப்பேன். வேலைன்னே பேச்செடுக்க மாட்டேன். அதுவா வாயைத் தொறக்கட்டும். அப்புறம் மேனேஜர்னு போர்டு போட்டுத் தர்றேன்னு சொல்லுவேன். போர்டுக்கு என்ன, ஐநூறு ரூபாய். அதுக்கும் மசியலைன்னா...

அந்தக் கண்டக்டர் எதுக்கு இப்படித் தொண்டை கிழியக் கத்தறான்? எறங்கறவன் எறங்கட்டும், நிம்மதியாப் பேச விடறானுங்களா? நீங்க எதுக்குங்க எந்திரிக்கறீங்க, உக்காருங்க. கையை விடுங்க தம்பி. ரெண்டே நிமிஷம், முடிச்சுக்கறேன்.

அதுக்கும் மசியலைன்னா ஒண்ணு இருக்குது. நேத்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். அந்தப் புள்ளை கேக்காத ஒண்ணைச் சொல்லட்டுங்களான்னு கேட்டுச்சுல்ல, அந்தக் குரல் காதுலயே நிக்குது. பன்னெண்டு வண்டிக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டு, திட்டு வாங்கிக்கிட்டு நிக்குது. அழுகலை. குரல்கூட மாறலை. அதான் என்னமோ பண்ணுது. அதனால போய், சரி கண்ணு, நான் பேசலை, நீ சொல்லு, கேக்கறேன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். மன்னிப்பெல்லாம் இல்லை. கேக்கறேன்னு சொல்றது மன்னிப்பாகாது. அரை மணி நேரம் வாயைத் தொறக்காம உக்காந்து கேக்கறது. என்னால முடியும். இப்பத்தான் பழகிக்கிட்டே வர்றேன்.

அவ்வளவுதான் தம்பி, முடிஞ்சுது. இப்ப நீங்க பேசுங்க. பாவம், அப்ப இருந்து வாயை வாயைத் தொறந்தீங்க. சொல்லுங்க, என் பக்கம் நியாயம் இருக்குதா இல்லையா?

என்னதுங்க?

எப்போ?

லட்சுமி நகரா? பாலம் தாண்டின ஒடனேயா? அப்பக் கண்டக்டர் கத்தினது அதுக்குத்தானா? இது எந்த ஊரு, சித்தோடா? இனி எங்க நிக்கும்? பெருந்துறைதானா? மணி என்னாச்சு, பத்தேகாலா?

ஏனுங்க தம்பி, படிச்சவராட்டம் இருக்கீங்க. நான்தான் ஏறினப்பவே உங்ககிட்டச் சொன்னேன். அதை வாயைத் தொறந்து ஒரு வார்த்தை அப்பவே சொல்றதுக்கென்ன?